எண்பத்தேழு மார்க்க யார் போட்டாங்க? கேம் ரிவ்யூ பத்தி வாசகர் கேள்விகள்

கன்சோல் (டிவில மாட்டி விளையாடற மெஷின்) கேம் ரிவ்யூ, ஸ்கோர் பத்தி கேள்வி அனுப்புங்கனு போன இதழ்ல கேட்டிருந்தோம். நிறைய வந்துச்சு. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்து, இந்த வாரத்துக்குப் பக்கம் தாங்கற அளவு எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: பையன் ப்ளஸ் டூ முடிச்சதுக்கு பிஎஸ்5 வாங்கிக் கொடுத்தோம். இப்போ புது கேம் ஒண்ணு ஐயாயிரம் ரூபாங்கறான், கேட்டா "இது 87 எடுத்திருக்கும்மா, தைரியமா வாங்கலாம்"ங்கறான். அந்த 87 யார் போட்டது, நம்பலாமா?
ஆர்.வி., திருப்பூர்

அந்த 87ஐ யாருமே போடலம்மா. உங்க பையன் பாக்கறது அனேகமா மெட்டாக்ரிட்டிக்ங்கற சைட்டோட நம்பரா இருக்கும், 2001ல இருந்து இருக்கற சைட் அது, அவங்க சொந்தமா விளையாடி மார்க் போடறதில்ல, அங்கங்க பத்திரிகைலயும் வெப்சைட்லயும் வந்த மார்க்க எடுத்து சராசரி போடறாங்க. ஒருத்தர் பத்துக்கு 9 போட்டிருப்பார். இன்னொருத்தர் அஞ்சு ஸ்டாருக்கு நாலு கொடுத்திருப்பார், அது 80 ஆயிடும், மூணு ஸ்டார்னா 60, ஆனா அந்த மூணு ஸ்டார் கொடுத்த ஆளு "நல்ல கேம்தான், எல்லாருக்கும் பிடிக்கும்னு சொல்ல முடியாது"ங்கற எண்ணத்துல கொடுத்திருப்பார், 60னு போட்டவுடனே அது ஏதோ தட்டுத்தடுமாறி பாஸான கேம் மாதிரி தெரிய ஆரம்பிச்சுடும். இதுல எல்லா பத்திரிகைக்கும் ஒரே மதிப்பும் கிடையாது, சிலதுக்கு வெயிட் அதிகம் சிலதுக்குக் கம்மி, எதுக்கு எவ்வளவுனு அவங்க வெளிய சொல்றதில்ல. குறைஞ்சது நாலு ரிவ்யூ சேர்ந்தாதான் நம்பரே காட்டுவாங்க. 2015ல வந்த ஓப்பன்க்ரிட்டிக்னு இன்னொரு சைட் இருக்கு, அவங்க வெயிட் எல்லாம் போடாம நேரடியா சராசரி எடுக்கறாங்க, எத்தன சதவீதம் பேர் "வாங்கலாம்"னு சொன்னாங்கனும் தனியா காட்டறாங்க, எனக்கு அது கொஞ்சம் தெளிவா படுது.

உங்களுக்கு நான் சொல்றது இதுதான். பையன பக்கத்துல உக்கார வெச்சு அந்த 87க்குக் கீழ போங்க, அங்க ரிவ்யூ எல்லாம் வரிசையா இருக்கும், மேல இருக்கற 100, 95 எல்லாம் விட்டுட்டு கடைசில இருக்கற ரெண்ட திறந்து முழுசா படிக்கச் சொல்லுங்க. அதுல ஒருத்தர் "கதையே இல்ல"னு திட்டியிருக்கார், உங்க பையன் கார் ரேஸ் ஓட்டத்தான் வாங்கறான்னா அந்தத் திட்டு அவனுக்கு ஒண்ணும் பண்ணாது. "முப்பது மணி நேரம் ஆனதும் ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்யச் சொல்றாங்க"னு எழுதியிருந்தா, உங்க ஐயாயிரத்துக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம். இன்னொண்ணு, பிஎஸ்5க்கு ஒரு பக்கம், ஸ்விட்ச்ங்கற மெஷினுக்கு ஒரு பக்கம், பிசிக்கு (கம்ப்யூட்டர்) ஒரு பக்கம்னு தனித்தனியா ஸ்கோர் இருக்கும், உங்க வீட்டு மெஷின் பக்கத்தத்தான் பாக்கறானானு ஒரு தடவ கேட்டுக்கோங்க. இது ஏன் முக்கியம்னு கீழ ஒரு கேள்வில வருது.

கேள்வி: பத்துக்கு 7 வாங்கின கேம்ம ஏன் எல்லாரும் ஃப்ளாப் மாதிரி பேசறாங்க?
கே.எம்., தஞ்சாவூர்

நம்ம ஊர் பரீட்சைல 35 எடுத்தா பாஸ், 70 எடுத்தா வீட்டுல சந்தோஷம். கேம்ல அந்தக் கணக்கே வேற. பத்து மார்க் இருந்தாலும் பெரிய கம்பெனி கேம்னு வந்துட்டா நடைமுறைல 7ல இருந்து 9 வரைக்கும்தான் எல்லாமே நெருக்கியடிச்சு நிக்குது. இதுக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு, வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல கேம் வெளியாகுது, ரிவ்யூ பண்றவங்க கையில நேரம் கொஞ்சம்தான், அதனால ஜனங்க எதிர்பார்க்கற கேம்ம எடுக்கறாங்க, ரொம்ப மோசமான கேமுக்கு 2 போட உக்காந்து யாரும் ஒரு வாரம் செலவு பண்றதில்ல. அப்போ ரிவ்யூ வரைக்கும் வர்றதே ஏற்கனவே சலிச்சு எடுத்த சரக்கு.

ஆனா சைட்டோட பழக்கமும் இதுல சேர்ந்திருக்கு. மெட்டாக்ரிட்டிக்ல சினிமாவுக்கு 61 எடுத்தாலே பச்சக் கலர், கேமுக்கு 75 எடுத்தாதான் பச்ச. ஒரே சைட், ஒரே ஸ்கேல், 65 எடுத்த படம் "பாக்கலாம்"னு பச்சையா நிக்குது, 65 எடுத்த கேம் மஞ்சளா நிக்குது. பாக்கறவன் கண்ணு கலரத்தான் முதல்ல பாக்கும்.

இந்த நம்பர் சும்மா பேச்சுக்குன்னா கூட பரவால்ல, அதுல சம்பளம் மாட்டிக்குதுங்கறதுதான் எனக்கு வயிறு எரியற விஷயம். 2010ல ஃபால்அவுட் நியூ வேகஸ்னு ஒரு கேம் வந்துச்சு, செஞ்சது அப்சிடியன்ங்கற ஸ்டுடியோ, வெளியிட்டது பெதஸ்டா. விற்பனைல பங்கு கிடையாது, ஒரு தொகை கொடுத்துடுவோம், மெட்டாக்ரிட்டிக்ல 85 வந்தா போனஸ்னு ஒப்பந்தம் இருந்ததா அந்த ஸ்டுடியோல இருந்த கிறிஸ் அவலோன் 2012ல ட்விட்டர்ல சொன்னார். வந்தது 84. ஒரே ஒரு மார்க். அந்தக் கேம்ம இன்னைக்கும் ஜனங்க தேடிப் போய் விளையாடறாங்க, அந்த வரிசைலயே சிறந்த கதை இதுலதான்னு சண்டை போடறவங்க இருக்காங்க. எங்கயோ ஒரு விமர்சகர் நைட்டு ரெண்டு மணிக்கு 8 போடலாமா 8.5 போடலாமானு யோசிச்சு 8 போட்டிருப்பார், அவருக்கு இந்த ஒப்பந்தம் பத்தி தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல. விமர்சகர் மேல தப்பு இல்ல, விமர்சனத்த சம்பள ரசீதா மாத்தினவங்க மேலதான் தப்பு.

கேள்வி: ரிவ்யூ பண்றவங்க கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டுத்தான் எழுதறாங்கனு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சொல்றாங்க. உண்மையா?
எஸ்.பி., கோயம்புத்தூர்

கவர்ல காசு வெச்சுக் கொடுத்து 9 போடச் சொல்ற மாதிரி நீங்க நினைக்கறது பெரிய சைட்டுகள்ல சாதாரணமா நடக்கறதில்ல. நடக்கறது வேற வழி. கேம் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்கறது யாரு? அதே கேம் கம்பெனிதான். அங்கதான் சிக்கல் ஆரம்பிக்குது.

2007 நவம்பர்ல கேம்ஸ்பாட் சைட்ல ஜெஃப் கெர்ஸ்ட்மன்னு பழைய, பேர் வாங்கின ரிவ்யூவர் ஒருத்தர், கேன் அண்ட் லின்ச்ங்கற கேமுக்கு பத்துக்கு 6 போட்டார். அதே நேரத்துல அந்த சைட்டோட முகப்பு முழுக்க அந்தக் கேமோட விளம்பரம். கொஞ்ச நாள்ல அவர வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. ஏன்னு அப்போ யாரும் வாயத் திறக்கல, ஒப்பந்தப்படி அவராலயும் பேச முடியல. 2012ல அந்தக் கட்டுப்பாடு நீங்கினதுக்கு அப்புறம்தான், விளம்பரம் கொடுத்த கம்பெனிகளோட அதிருப்திய தாங்க முடியாத புது மேனேஜ்மென்ட்தான் காரணம்னு அவரே வெளிப்படையா சொன்னார். இதுல நான் கவனிக்கறது என்னன்னா, அவர் 6 போட்டார், அது சைட்ல வந்துச்சு, ரிவ்யூவர் விலை போகல. அழுத்தம் வந்தது மேல இருந்து.

நீங்க நிஜமாவே ஜாக்கிரதையா இருக்க வேண்டிய இடம் வீடியோ. 2015ல அமெரிக்காவுல எஃப்டிசிங்கற அரசு அமைப்பு மெஷினிமாங்கற யூட்யூப் நெட்வொர்க் மேல நடவடிக்கை எடுத்துச்சு, மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் ஒன் மெஷின் பத்தி நல்லபடியா பேசறதுக்கு யூட்யூபர்களுக்குக் காசு கொடுத்துட்டு, அது விளம்பரம்னு பாக்கறவங்களுக்குச் சொல்லலங்கறது குற்றச்சாட்டு. அதுக்கு அடுத்த வருஷம் வார்னர் பிரதர்ஸ் மேலயும் ஷேடோ ஆஃப் மோர்டோர் கேமுக்காக இதே மாதிரி நடவடிக்கை வந்துச்சு. அதனால வீடியோ பாக்கறப்போ கீழ டிஸ்கிரிப்ஷன திறந்து பாருங்க, "ஸ்பான்சர்டு"னு இருந்தா அது விளம்பரம். "ரிவ்யூ கோடு கம்பெனி கொடுத்தது"னு மட்டும் இருந்தா கேம்ம இறக்கிக்கற கோடு எண்ண ஃப்ரீயா வாங்கியிருக்காங்கனு அர்த்தம், அது எல்லா சைட்லயும் நடக்கறதுதான், சொல்லிட்டு செய்யறவங்கள சந்தேகப்பட வேண்டாம்.

கேள்வி: 2020ல சைபர்பங்க் 2077க்கு எல்லாரும் 9, 10னு போட்டதப் பாத்து முதல் நாளே டிஸ்க் வாங்கினேன். என் பிஎஸ்4ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ தடுமாறுச்சு, கிராஷ் ஆச்சு. இவ்வளவு பேரும் பொய்யா சொன்னாங்க?
டி.ஜே., சென்னை

பொய் சொல்லல. அவங்க விளையாடினது நீங்க வாங்கின கேம்மே இல்ல.

அந்தக் கேம் டிசம்பர் 10ல வெளியாச்சு, ரிவ்யூ எல்லாம் அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே வந்துடுச்சு. ரிவ்யூவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது பிசி வெர்ஷன் மட்டும்தான், கன்சோல் வெர்ஷன் முன்கூட்டி யார் கைக்கும் போகல. அதோட நிக்கல, வெளியாகறதுக்கு முன்னாடி போடற வீடியோ ரிவ்யூல அவங்கவங்க சொந்தமா ரெக்கார்ட் பண்ணத காட்டக்கூடாது, கம்பெனி கொடுக்கற காட்சிகளத்தான் போடணும்னு நிபந்தனை. அப்போ ரிவ்யூவர் கண்ணால பாத்த கோளாறக் கூட உங்களுக்குக் காட்ட வழியில்லாம போச்சு. பிசி ஸ்கோர் 86 கிட்ட நின்னுச்சு. அப்புறம் கடைல வாங்கி பிஎஸ்4ல விளையாடி எழுதினவங்களோட ரிவ்யூ சேரச் சேர அந்தப் பக்கத்து ஸ்கோர் அறுபதுக்குக் கீழ போயிடுச்சு. ஒரே பேரு, ஒரே அட்டை, நடுவுல கிட்டத்தட்ட முப்பது மார்க் வித்தியாசம். ஒரு வாரத்துக்குள்ள சோனி அத ஸ்டோர்ல இருந்தே எடுத்துட்டு பணத்தத் திருப்பிக் கொடுத்தது, திரும்ப வந்தது 2021 ஜூன்ல.

இதுல விமர்சகர்கள் மேல எனக்கு ஒரு கோபம் உண்டு. சில பேர் "நாங்க பிசிலதான் விளையாடினோம், கன்சோல்ல எப்படினு தெரியாது"னு முதல் பாராவுலயே எழுதினாங்க, அவங்களுக்கு என் மரியாதை. ஆனா நிறைய பேர் அத எங்கயோ கடைசி வரில, கண்ணுக்குத் தெரியாத எழுத்துல போட்டுட்டு மேல பெருசா 9 போட்டாங்க, கன்சோல் கோடு ஏன் தரலங்கற கேள்விதான் அன்னைக்கு தலைப்புச் செய்தியா இருந்திருக்கணும். ஒரு கம்பெனி ஒரு வெர்ஷன மறைக்குதுன்னா மறைக்கறதுலயே ஒரு சேதி இருக்கு.

நீங்க இனிமே டிஸ்க் வாங்கறதுக்கு முன்னாடி ரிவ்யூல "எந்த மெஷின்ல விளையாடினது"ங்கற வரிய தேடுங்க. அந்த வரி இல்லாட்டி ரெண்டு நாள் பொறுங்க. எம்பார்கோனு ஒண்ணு இருக்கு, இந்தத் தேதி இந்த நேரத்துக்கு முன்னாடி ரிவ்யூ போடக்கூடாதுனு கம்பெனி வாங்கற உறுதி, அது வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி முடிஞ்சா கம்பெனிக்குத் தன் சரக்கு மேல நம்பிக்கை இருக்குனு பெரும்பாலும் எடுத்துக்கலாம், வெளியாகற நிமிஷம்தான் முடியுதுன்னா முன்பணம் கட்ட அவசரப்படாதீங்க.

கேள்வி: நூறு மணி நேர கேம்ம எல்லாம் முடிச்சுட்டுத்தான் ரிவ்யூ எழுதறாங்களா?
வி.என்., சேலம்

கதை இருக்கற கேம்னா பெரும்பாலும் முடிச்சுடறாங்க, பக்கத்துல இருக்கற சின்னச் சின்ன வேலைகள முழுசா செய்யறதில்ல. பெர்சோனா 5 ராயல் மாதிரி ஒண்ணு நூறு மணி நேரம் தாண்டும், கோடு கைக்கு வர்றது வெளியீட்டுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடி, அதுக்குள்ள விளையாடி, எழுதி, வீடியோவும் வெட்டணும். நீங்க தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம்னு ரசிச்சு மூணு மாசம் விளையாடற கேம்ம அவர் நாளைக்குப் பத்து மணி நேரம் வெச்சு ஓட்டியிருப்பார். அதனால "மெதுவா போகுது", "ஒரே மாதிரி இருக்கு"ங்கற குறைகள் அவர் கண்ணுல கூடுதலா உறுத்தும். அவர் சலிச்சுப்போன இடத்துல உங்களுக்கு சலிக்காம கூட இருக்கலாம்.

ஆன்லைன் கேம்னா வேற தலைவலி, வெளியாகறதுக்கு முன்னாடி சர்வர்ல ஆளே இருக்காது, கூட விளையாடறது மத்த ரிவ்யூவர்கள் மட்டும்தான். நல்ல சைட்டுகள் "ரிவ்யூ இன் ப்ராக்ரஸ்"னு போட்டுட்டு ஜனங்க உள்ள வந்தப்புறம் மார்க் போடறாங்க. அப்படியும் ஏமாற இடம் உண்டு. க்ராஷ் டீம் ரேஸிங் நைட்ரோ ஃப்யூவல்டு 2019 ஜூன்ல வந்துச்சு, ரிவ்யூ எல்லாம் நல்லபடியா வந்துச்சு, ஆகஸ்ட்ல நிஜ காசு கொடுத்து உள்ள பொருள் வாங்கற வசதிய சேர்த்துட்டாங்க. மார்க் போட்டவங்க அந்த உண்டியல பாக்கவே இல்ல, ஆனா அவங்க போட்ட மார்க் அட்டைல அப்படியே ஒட்டியிருந்துச்சு. இதுக்கு நேர் எதிர் கதை நோ மேன்ஸ் ஸ்கை, 2016ல வந்தப்போ ஜனங்க அவ்வளவு திட்டினாங்க, அந்தச் சின்ன டீம் வருஷக்கணக்கா இலவச அப்டேட் கொடுத்து கொடுத்து இன்னைக்கு அது வேற கேம். மெட்டாக்ரிட்டிக் ஒரு பத்திரிகை முதல்ல போட்ட மார்க்கத்தான் எடுத்துக்கும், பின்னாடி அந்தப் பத்திரிகை மனசு மாறி மாத்திப் போட்டாலும் ஏத்துக்கறதில்ல. அப்போ பழைய கேம் ஒண்ண செகண்ட் ஹேண்ட்ல வாங்கறீங்கன்னா ஸ்கோர விட்டுடுங்க, இந்த வருஷம் யாராவது அதப் பத்தி எழுதியிருக்காங்களானு தேடுங்க.

கேள்வி: ஒரே கேமுக்கு ஒருத்தர் 2, இன்னொருத்தர் 10 போட முடியுமா? அப்படி போட்டா ரெண்டுல ஒருத்தருக்கு கேம் பத்தி ஒண்ணும் தெரியலனுதானே அர்த்தம்?
எம்.ஏ., மதுரை

முடியும், நடந்திருக்கு, ரெண்டு பேருக்கும் நல்லாவே தெரியும். இந்தக் கேள்விய அனுப்பினதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும், இது எனக்கு ரொம்ப பிடிச்ச கதை.

2010ல எக்ஸ்பாக்ஸ் 360ல டெட்லி ப்ரிமனிஷன்னு ஒரு ஜப்பான் கேம். யார்க் மார்கன்னு ஒரு எஃப்பிஐ ஏஜென்ட், க்ரீன்வேல்ங்கற சின்ன ஊர்ல நடந்த கொலைய விசாரிக்க வர்றார். அமெரிக்காவுல ஐஜிஎன்ங்கற சைட் பத்துக்கு 2 போட்டாங்க. டிஸ்ட்ரக்டாய்டுங்கற சைட் பத்துக்கு 10.

ரெண்டு பேரும் பாத்தது ஒரே கேம்தான். படம் அந்தக் காலத்துக்கே பழசா இருக்கும். கார் ஓட்டறது கொடுமை, ஸ்டியரிங் ஒரு பக்கம் போகும் வண்டி ஒரு பக்கம் போகும். சண்டை காட்சில கதாநாயகன் பீரங்கி வண்டி மாதிரி திரும்புவார். சோகமான காட்சில திடீர்னு குஷியான விசில் பாட்டு ஓடும். இத எல்லாம் 2 போட்டவர் குறைனு எழுதினார், 10 போட்டவரும் இதெல்லாம் இல்லனு சொல்லல. ஆனா அந்த யார்க் இருக்கார் பாருங்க, அவர் தனியா கார் ஓட்டறப்போ "ஸாக்"னு கண்ணுக்குத் தெரியாத ஒருத்தர்கிட்ட பழைய சினிமா பத்தி பேசிக்கிட்டே போவார், காலைல காபில எழுத்து தெரியுதுனு அதுல துப்பு தேடுவார், ஊர்ல ஒவ்வொருத்தரும் மணி அடிச்சா கடைக்குப் போவாங்க, மழை பேஞ்சா வேற இடத்துக்குப் போவாங்க, நீங்க பின்னாடியே போய் ஜன்னல்ல எட்டிப் பாக்கலாம். அந்த ஸாக் யாருங்கறது கடைசில தெரியவர்றப்போ முன்னாடி பாத்த எல்லாத்துக்கும் அர்த்தம் மாறும். 10 போட்டவருக்கு இதுதான் கேம். 2 போட்டவருக்கு கையில பிடிச்ச கன்ட்ரோலர் என்ன செய்யுதுங்கறதுதான் கேம். ரெண்டும் நேர்மையான அளவுகோல்.

இப்போ இத சராசரி போட்டா என்ன வரும்? மெட்டாக்ரிட்டிக்ல அறுபதுகள்ல நிக்குது. "பரவால்ல, சுமாரு"னு அர்த்தம். அந்தக் கேம்ம விளையாடின ஒருத்தர் கூட "சுமாரு"னு சொல்ல மாட்டார். பாதிப் பேர் அஞ்சு நிமிஷத்துல ஆஃப் பண்ணுவாங்க, மீதிப் பேர் ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க. ஒருத்தர் கூட உணராத ஒரு கருத்தத்தான் அந்த நம்பர் சொல்லுது, அதனாலதான் சராசரி மேல எனக்கு மதிப்பு கம்மி.

ஜப்பான்ல ஃபமிட்சுங்கற வாரப் பத்திரிகை இத வேற மாதிரி கையாண்டாங்க, 1986ல ஆரம்பிச்ச பத்திரிகை. நாலு பேர் தனித்தனியா விளையாடி ஆளுக்குப் பத்துக்கு மார்க் போட்டு, ஆளுக்கு நாலு வரி எழுதுவாங்க, நாலையும் பக்கத்துப் பக்கத்துல அச்சடிச்சுட்டு கீழ நாப்பதுக்கு எவ்வளவுனு போடுவாங்க. 9, 9, 6, 9னு இருந்தா அந்த 6 போட்டவர் என்ன எழுதியிருக்கார்னு கண்ணு தானா அங்க போகும். நாலு பேரும் பத்து போட்டு நாப்பதுக்கு நாப்பது வந்தது முதல் தடவ 1998ல, செல்டா ஒக்கரினா ஆஃப் டைமுக்கு. பன்னண்டு வருஷம் எதுக்கும் கொடுக்கல. அப்புறம் வந்த வருஷங்கள்ல நாப்பது ரொம்ப சுலபமா கிடைக்க ஆரம்பிச்சுடுச்சுனு ஜப்பான்லயே முணுமுணுப்பு உண்டு, எனக்கும் அந்த வருத்தம் இருக்கு. ஆனா நாலு குரல ஒண்ணா கரைக்காம தனித்தனியா வெச்சாங்க பாருங்க, அந்த முறை அருமையான முறை.

கேள்வி: வெண்பா கேம் ஒன்றரை மணித்தியாலத்தில முடிஞ்சுது. நல்லா அழுதனான். ஆனா சில ரிவ்யூவில நேரம் காணாது எண்டு மார்க்க குறைச்சுப் போட்டிருக்கினம். நீளத்துக்கு மார்க் குறைக்கிறது சரியோ?
ஜெ.எஸ்., டொரன்டோ

உங்க ஊர்லயே செஞ்ச கேம் அது. வாசகர்களுக்காக ரெண்டு வரி சொல்லிடறேன், டொரன்டோல இருக்கற விசை கேம்ஸ் 2023 ஜூலை கடைசில ஸ்விட்ச், பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், பிசினு எல்லாத்துலயும் வெளியிட்டது, 1988ல கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மா வெண்பா, அப்பா பாவலன், அங்க பொறக்கற பையன் கவின். அம்மாவோட சமையல் நோட்டுல எழுத்து அழிஞ்சு போயிருக்கும், இட்லிக்கு தட்ட எப்படி அடுக்கணும், புட்டுக்குழாய்ல மாவும் தேங்காயும் எந்த வரிசைல போகணும்னு நாமளே யோசிச்சு கண்டுபிடிக்கணும். அடுத்த வருஷம் பாஃப்டாங்கற பிரிட்டிஷ் விருது விழால அறிமுக கேமுக்கான விருதும் வாங்குச்சு.

ஸ்கோர் எண்பதை ஒட்டிதான் வந்துச்சு. சின்னதா இருக்குங்கறது பல ரிவ்யூல இருந்த குறை. என் அபிப்பிராயம் இது: பதினஞ்சு டாலர் கொடுத்து வாங்கறவருக்கு "ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுடும்"னு சொல்ல வேண்டியது ரிவ்யூவரோட கடமை, அத எழுதாம விட்டா தப்பு. ஆனா அதுக்காக மார்க்க குறைக்கறது சரியில்ல. நீளம்ங்கறது தகவல், தரம் இல்ல. அந்தக் குடும்பத்தோட கதைல ஒரு காட்சி கூட இழுவை இல்ல, இன்னும் நாலு பதார்த்தம் சேர்த்து மூணு மணி நேரமாக்கியிருந்தா மார்க் கூடியிருக்குமோ என்னமோ, கேம் கெட்டுப் போயிருக்கும். கவின் வளர வளர அம்மா பேசற தமிழும் அவன் பேசற இங்கிலீஷும் விலகிப் போற வேகம் இருக்கே, அது சுருக்கமா இருக்கறதாலதான் அவ்வளவு வலிக்குது.

நியாயமான குறை வேணும்னா, சமையல் புதிர் ரொம்ப சுலபம், தப்பு பண்ணாலும் ஒண்ணும் ஆகாது, இன்னும் கொஞ்சம் யோசிக்க வெச்சிருக்கலாம்னு எழுதினவங்க இருக்காங்க. அத நான் ஒத்துக்கறேன், புட்டு வெச்சுப் பழகின நமக்கு அது புதிரே இல்ல. பழகாத ஒருத்தருக்கு அது எப்படி இருந்திருக்கும்னு அவங்க ரிவ்யூவ படிச்சுத்தான் நான் தெரிஞ்சுக்கிட்டேன்.

கேள்வி: அப்போ விமர்சகர விட்டுட்டு ஜனங்க போடற யூசர் ஸ்கோர நம்பினா என்ன?
பி.கே., நெல்லை

அது இன்னும் மோசம். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வந்தது 2020 ஜூன் 19. முடிக்க இருபத்தஞ்சு மணி நேரம் வேணும், வெளியான அன்னைக்கே ஆயிரக்கணக்குல பூஜ்யம் விழுந்துச்சு, விமர்சகர் ஸ்கோர் 93, யூசர் ஸ்கோர் பத்துக்கு நாலுக்கும் கீழ. முன்னாடியே கதை வெளிய கசிஞ்சிருந்துச்சு, அதப் படிச்ச கோபத்துல போட்ட மார்க் அது. அடுத்த மாசமே மெட்டாக்ரிட்டிக், கேம் வெளியாகி 36 மணி நேரம் கழிச்சுத்தான் யூசர் ரிவ்யூ போட முடியும்னு மாத்திட்டாங்க. விமர்சகரையும் ஜனங்க விட்டு வெக்கறதில்ல, 2017ல செல்டா ப்ரெத் ஆஃப் த வைல்டுக்கு ஒரு விமர்சகர் 7 போட்டார், சராசரி 98ல இருந்து 97க்கு இறங்குச்சு, அவரோட சைட்டையே தாக்கி முடக்கினாங்க. அவர் ரிவ்யூல, ஆயுதம் அடிக்கடி உடைஞ்சு போகுதுனு தெளிவா காரணம் எழுதியிருந்தார். அந்தக் குறைய இன்னைக்கு வரைக்கும் அந்தக் கேம்மோட ரசிகர்களே பேசறாங்க.

யூசர் ரிவ்யூவுல ஒரு பிரயோஜனம் உண்டு, கிராஷ் ஆகுதா, சேவ் அழிஞ்சு போகுதா, சர்வர் வேலை செய்யுதாங்கறது. அதுக்கு மட்டும் படிங்க.

கேள்வி: மார்க்கே வேண்டாம்னு விட்டுட்டா?
ஜி.ஆர்., ஈரோடு

விட்டுப் பாத்தாங்க. யூரோகேமர்ங்கற சைட் 2015ல மார்க்க நிறுத்திட்டு "அவசியம்", "வாங்கலாம்", "தவிர்க்கவும்"ங்கற மாதிரி முத்திரை குத்த ஆரம்பிச்சாங்க, 2023ல திரும்ப அஞ்சு ஸ்டாருக்கு வந்துட்டாங்க. பாலிகன்ங்கற சைட் 2018ல நிறுத்திட்டாங்க. ஐஜிஎன் 2020ல 8.7, 8.8ங்கற புள்ளிக் கணக்க விட்டுட்டு முழு எண்ணுக்கு வந்தாங்க, அது நல்ல காரியம், 8.7க்கும் 8.8க்கும் என்ன வித்தியாசம்னு போட்டவருக்கே விளக்க முடியாது. எனக்கு மார்க் மேல விரோதம் இல்ல, எழுதினவர் தன் தீர்ப்ப ஒளிக்காம சொல்ல அது ஒரு கட்டாயம், பேரு தெரிஞ்ச ஒருத்தர் போட்ட 7க்கு அர்த்தம் உண்டு.

கேள்வி: நான் காலேஜ் படிக்கறேன், தமிழ்ல கேம் ரிவ்யூ எழுத ஆசை. கம்பெனி எனக்கெல்லாம் கோடு தராது. எப்படி ஆரம்பிக்கறது?
எஸ்.எல்., விழுப்புரம்

கோடு இல்லங்கறத ஒரு பலமா எடுத்துக்கோங்க தம்பி, காசு கொடுத்து வாங்கினவரோட கண்ணுலதான் விலை தெரியும். புது கேம் பின்னாடி ஓடாதீங்க, முதல் நாள் ரிவ்யூவுக்கு உலகம் பூரா ஆள் இருக்கு. ரெண்டு வருஷம் பழைய கேம்ம செகண்ட் ஹேண்ட்லயோ ஆஃபர்லயோ எடுத்து, எல்லா அப்டேட்டும் போட்ட நிலைமைல எப்படி இருக்குனு எழுதுங்க, நம்ம ஜனங்க பாதிப் பேர் அப்படித்தான் வாங்கறாங்க, அவங்களுக்குனு எழுதற ஆள் கம்மி. டவுன்லோட் எத்தன ஜிபி, நெட் இல்லாம ஓடுமா, டிஸ்க்ல முழு கேமும் இருக்கா, டிவில தூரத்துல உக்காந்தா சப்டைட்டில் எழுத்து படிக்க முடியுதா, இதெல்லாம் வெளிநாட்டு ரிவ்யூல பெரும்பாலும் இருக்காது.

எழுதறப்போ மேலயே நாலு விஷயம் போட்டுடுங்க: எந்த மெஷின், எந்த வெர்ஷன், எவ்வளவு நேரம் விளையாடினீங்க, முடிச்சீங்களா இல்லையா. முடிக்காட்டி பரவால்ல, எந்த இடத்துல ஏன் நிறுத்தினீங்கனு எழுதுங்க, சில நேரம் அதுவே முழு ரிவ்யூ. "கிராஃபிக்ஸ் சூப்பர், கேம்ப்ளே சூப்பர், சவுண்ட் சூப்பர்"னு பிரிச்சு எழுதற பழக்கம் வேண்டாம், ஒரு காட்சிய எடுங்க, அதுல கை என்ன செஞ்சது, கண்ணு என்ன பாத்தது, எங்க எரிச்சல் வந்துச்சுனு எழுதுங்க. மார்க் போடறதா இருந்தா 5ன்னா என்ன, 7ன்னா என்னனு முன்னாடியே ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கோங்க, அத வாசகருக்கும் காட்டுங்க, நாலாவது ரிவ்யூல பிடிச்ச ஹீரோ வந்ததும் அத மாத்தாதீங்க. முதல்ல ஒரு சின்ன கேம்மா எடுத்து எழுதி ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்க, நான் படிச்சுட்டு பதில் போடறேன்.